ஐஸ் பெட்டி ஊறல் கலன்

ஐஸ் பெட்டி ஊறல் கலன் என்பது, வீட்டில் பியர் காய்ச்சுவோர் முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பதற்காக மாற்றியமைத்துக்கொள்ளும் வெப்பக்காப்புப் பெட்டி அல்லது வெப்பக்காப்பு நீர்க்கலன் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் சுற்றுலாவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் குளிர்பானம் எடுத்துச் செல்லப் பயன்படும் நெகிழிப் பெட்டிகளே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. வெப்பக்காப்பு வெப்பம் உள்ளே வருவதைத் தடுப்பது போலவே வெளியேறுவதையும் தடுக்கும் என்பதால், பனிக்கட்டியை உருகாமல் வைக்கும் பெட்டி வெந்நீரையும் ஆறாமல் வைத்திருக்கும்.

தமிழில் சாராய ஊறல் எனப்படுவது நொதித்துக்கொண்டிருக்கும் கலவை. இக்கட்டுரையில் ஊறல் என்பது நொதித்தலுக்கு முந்தைய நிலையைக் குறிக்கும். இந்நிலையில் ஈஸ்ட் சேர்க்கப்படுவதில்லை, ஆல்ககாலும் உண்டாவதில்லை. ஆங்கிலத்தில் ஊறலை மாஷ் என்றும், கலனை மாஷ் டன் என்றும், ஊறலிலிருந்து வடித்தெடுக்கும் இனிப்புச் சாற்றை வோர்ட் என்றும் அழைப்பர்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீக்கப்பட்ட பின்னரும் வீட்டில் பியர் காய்ச்சுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகவே இருந்தது. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் 1979இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பருவ வயதினர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலனும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 காலனும் சொந்தப் பயன்பாட்டுக்காகக் காய்ச்சலாம். மாநிலங்கள் தத்தம் சட்டங்களைத் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இதற்கு இசைந்தன.

தொடக்க நிலையினர் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் செறிவூட்டிய மால்ட் பாகைக் கொண்டே பியர் காய்ச்சினர். தானியத்திலிருந்தே தொடங்க விரும்பியோருக்கு, ஒரு மணி நேரம் சூடு குறையாத கலன் ஒன்று தேவைப்பட்டது. பிரித்தானிய வடிசாலைகளில் ஒரே வெப்பநிலையில் ஊறவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஐஸ் பெட்டியை அவற்றின் ஊறல் தொட்டிக்குச் சிற்றுருவாகக் கொள்ளலாம். ஜான் பால்மர் எழுதிய 'ஹவ் டு புரூ' என்னும் நூல், பெட்டியின் அடியில் செப்புக் குழாய் வலையை அமைக்கும் முறையை விரிவாக விளக்குகிறது.

வெப்பநிலையின் பங்கு

மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. அதிலுள்ள நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பீட்டா அமைலேசு ஏறத்தாழ 55 முதல் 65 பாகை செல்சியசில் (°செ) நன்கு இயங்கும். 70 °செ-ஐ நெருங்கும்போது விரைவில் சிதைந்துவிடும். ஆல்ஃபா அமைலேசு 70 °செ அளவிலும் சுறுசுறுப்பாக இயங்கும். எனவே 64 °செ-இல் ஊறவைத்தால் ஈஸ்ட் உண்ணக்கூடிய சர்க்கரை மிகுந்து, பியர் இனிப்பற்றதாகவும் மெலிதாகவும் அமையும். 69 °செ-இல் ஊறவைத்தால் நொதிக்காத டெக்ஸ்ட்ரின்கள் மிகுந்து, பியர் கனத்த சுவை பெறும். 66 அல்லது 67 °செ இடைப்பட்ட தெரிவு.

ஐந்து பாகை வேறுபாடு பியரின் தன்மையையே மாற்றிவிடும் என்பதால், கலன் வெப்பத்தைக் காக்கும் திறன் முதன்மையானது. ஐஸ் பெட்டியை அடுப்பில் ஏற்ற முடியாது. ஊற்றும் வெந்நீர் கொண்டுவரும் வெப்பமே அதன் முழு முதல்.

கொள்ளளவைத் தெரிவு செய்தல்

வீட்டில் ஒருமுறை காய்ச்சும் வழக்கமான அளவு 5 அமெரிக்கக் காலன், அதாவது 19 லிட்டர். எனவே 5 காலன் நீர்க்கலனே போதும் என்று எண்ணுவது இயல்பு. வாங்குவோர் மிகுதியாகச் செய்யும் தவறும் இதுவே. கலனின் அளவைத் தீர்மானிப்பது கிடைக்கப்போகும் பியரின் அளவு அன்று. இடப்போகும் தானியத்தின் எடையும் அதனுடன் சேரும் நீரும் ஆகும்.

நடுத்தர வலிமையுள்ள 19 லிட்டர் பியருக்கு ஏறத்தாழ 5 கிலோ மால்ட் வேண்டும். கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 15 லிட்டர் நீர் சேரும். ஒரு கிலோ தானியம் நீரினுள் ஏறத்தாழ 0.67 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆக ஊறலின் மொத்தக் கன அளவு 18.3 லிட்டர். 19 லிட்டர் கலன் விளிம்பு வரை நிறைந்துவிடும். கிளறுவதற்குக்கூட இடம் இராது.

அடுத்த படிகளில் நிலைமை மேலும் இறுகும். ஊறல் முடிந்ததும் சாற்றின் பாகுத்தன்மையைக் குறைத்து நொதிகளை நிறுத்துவதற்காக, 67 °செ-இலிருந்து 76 °செ-க்கு உயர்த்துவோர் உண்டு. அதற்கு 6.4 லிட்டர் கொதிநீர் சேர்க்க வேண்டும். மொத்தம் 25 லிட்டரை நெருங்கும். இதைத் தவிர்த்தாலும், முதல் சாற்றை வடித்தபின் தானியத்தில் தங்கிய சர்க்கரையை அலசி எடுக்கப் புதிய வெந்நீர் வேண்டும். ஒரு கிலோ தானியம் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைப் பிடித்துக்கொள்வதால் 15 லிட்டரில் 10 லிட்டரே வடியும். மேலும் 15 லிட்டரை ஒரே தவணையில் ஊற்றினால் கலனில் 23 லிட்டருக்கு மேல் இருக்கும்.

ஆகவே 10 காலன் (38 லிட்டர்) உருளைக் கலனோ 45 லிட்டர் அளவுள்ள செவ்வகப் பெட்டியோ 19 லிட்டர் பியருக்குப் பொருத்தமானது. வலிமை மிக்க பியருக்கு 8 கிலோ மால்ட் இட்டாலும் ஊறல் 29 லிட்டர் அளவிலேயே நிற்கும். மிகப் பெரிய பெட்டியும் நன்றன்று. சிறிதளவு ஊறலுக்கு மேல் பெரும் வெற்றிடம் இருந்தால், அந்தக் காற்றும் சுவரும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாதி அளவில் காய்ச்சுவோருக்கு 5 காலன் கலன் முற்றிலும் ஏற்றது.

வடிவம்

வடிவம் பற்றிய விவாதம் அலசும் முறையைச் சார்ந்தது. மேலிருந்து நீரை மெல்லத் தெளித்துக்கொண்டே அடியில் சாற்றை வடிக்கும் தொடர் அலசலில், தானியப் படுகை ஆழமாக இருப்பது நல்லது. ஆழம் குறைந்தால் நீர் சில தடங்களில் மட்டும் ஓடி, மற்ற இடத்துச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். மேற்கூறிய 18.3 லிட்டர் ஊறல், 30 செ.மீ அகவிட்டமுள்ள உருளையில் 26 செ.மீ உயரம் நிற்கும். 55 செ.மீ நீளமும் 30 செ.மீ அகலமும் உள்ள பெட்டியிலோ 11 செ.மீ மட்டுமே. எனவே தொடர் அலசலுக்கு உருளை வடிவம் மேலானது.

நீர் முழுவதையும் ஊற்றிக் கிளறி ஒரேயடியாக வடிக்கும் தவணை அலசலில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கிளறுவதால் சர்க்கரை நீரெங்கும் ஒரே சீராகப் பரவுகிறது. இம்முறையை விரும்புவோர் விலை குறைந்த செவ்வகப் பெட்டியைத் தயங்காமல் தெரிவு செய்யலாம்.

மூடியும் உட்சுவரும்

பெட்டிகளின் சுவர்களில் பொதுவாகப் பாலியூரித்தேன் நுரை நிரப்பப்பட்டிருக்கும். விலை குறைந்த பல பெட்டிகளில் மூடி மட்டும் உள்ளீடற்றதாக இருக்கும். குளிர்ந்த காற்று கீழே தங்குவதால் பனிக்கட்டிக்கு அது பெரும் குறையன்று. வெந்நீரின் சூடோ மேல்நோக்கியே செல்லும். வாங்குமுன் மூடியைத் தட்டிப் பார்ப்பது பயன் தரும். மூடியில் துளையிட்டு நுரை செலுத்துவோரும், கம்பளியால் பெட்டியை மூடுவோரும் உண்டு. முன்சூடாக்கி நிரப்பிய நல்ல பெட்டியில் ஒரு மணி நேர இழப்பு பெரும்பாலும் 1 அல்லது 2 பாகைக்குள் அடங்கும்.

உட்சுவர் நெகிழி குளிர்பானத்தைக் கருதியே அமைக்கப்பட்டது. தொடர்ந்து சூடேற்றினால் சில கலன்களின் உட்சுவர் புடைப்பதும் விரிசல் விடுவதும் உண்டு. வெறும் பெட்டியில் கொதிநீரை நேராக ஊற்றலாகாது. சூடான நெகிழியில் உணவைப் பதப்படுத்த விரும்பாதோர் எஃகுக் கலனையே நாடுகின்றனர். அது அவரவர் தெரிவு.

வடிகுழாய்

பெட்டியுடன் வரும் அழுத்துக் குமிழ்க் குழாயை நீக்கி, துருப்பிடிக்காத எஃகாலான பால் வால்வைச் சிலிக்கோன் வாஷர்களுடன் பொருத்துவது வழக்கம். உட்புறம் வடிகட்டியாகத் துளையிட்ட தட்டையோ செப்புக் குழாய் வலையையோ அமைக்கலாம். கழிவறைத் தொட்டிக்கு நீர் கொண்டுசெல்லும் வளைகுழாயின் எஃகுப் பின்னல் உறையைப் புதிதாக வாங்கி உருவிப் பொருத்துவது மிக மலிவான வழி. சில உறைகள் எஃகு போலத் தோன்றும் நெகிழி என்பதைக் கவனிக்க வேண்டும். துளை தரைமட்டத்துக்கு மேலே இருந்தால் சாற்றில் ஒரு பகுதி வடியாமல் தங்கும். துளை தாழ்ந்துள்ள பெட்டியைத் தெரிவு செய்வது இதனால் விரும்பத்தக்கது.

நீரின் வெப்பநிலையைக் கணித்தல்

தானியம் குளிர்ந்திருப்பதால் ஊற்றும் நீர் கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். பால்மரின் நூல் தரும் வாய்பாடு மெட்ரிக் அலகில் பின்வருமாறு:

நீரின் வெப்பநிலை = (0.41 ÷ ஒரு கிலோவுக்கான நீர் லிட்டர்) × (வேண்டிய வெப்பநிலை − தானிய வெப்பநிலை) + வேண்டிய வெப்பநிலை

தானியம் 20 °செ-இலும், வேண்டியது 67 °செ-ஆகவும், விகிதம் 3 ஆகவும் இருப்பின் 73.4 °செ கிடைக்கும். 0.41 என்பது நீரோடு ஒப்பிடுகையில் தானியத்தின் வெப்பக் கொள்ளளவு. கலன் உறிஞ்சும் வெப்பம் இதில் சேரவில்லை. ஆகவே நீரைச் சில பாகை கூடுதலாகச் சூடாக்கிப் பெட்டியில் ஊற்றி மூடி வைத்து, அது 73.4 °செ-க்கு இறங்கியதும் தானியத்தைச் சேர்ப்பர். 20 கிலோவை நெருங்கும் இக்கலவை தோலைச் சுடக்கூடியது. நிரப்பிய பெட்டியைத் தூக்கலாகாது. சாறு தானாக வடியும் உயரத்தில் உறுதியான மேசை மீது முன்கூட்டியே வைத்துவிட வேண்டும்.

மாற்று முறைகள்

2000களில் ஆஸ்திரேலியாவில் பரவிய துணிப்பை முறையில் கொதிகலனே ஊறல் கலனாகவும் பயன்படுகிறது. 2010களின் நடுப்பகுதியிலிருந்து மின்சூடேற்றியும் சுழற்சிப் பம்பும் இணைந்த கலன்கள் பரவலாயின. ஊறலின்போதே வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்த இவை இடம் தருகின்றன. ஐஸ் பெட்டியில் அதைச் செய்ய, கொதிநீர் சேர்க்க வேண்டும், அல்லது ஊறலில் ஒரு பகுதியை எடுத்துத் தனியே கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்ற வேண்டும்.