ஓய்வா, அசைவா? தோள்பட்டை சொல்லும் வரலாறு



வலது தோள்பட்டையில் அறுவை சிகிச்சை முடிந்து பத்து வாரம் ஆகிறது. "கை எப்படி இருக்கு டீச்சர்?", "வலி குறைஞ்சுதா பெரியம்மா?" என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைத்தாலும் தோள் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே பதிவு. வரலாறு டீச்சரிடம் உடம்பைப் பற்றிக் கேட்டாலும் வரலாறுதான் வரும். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. நம் சொந்தத்திலேயே ஒருவர், இதே அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வலிக்குப் பயந்து பயிற்சியை நிறுத்திவிட்டார். இன்று வரை அவர் கை காதுக்கு மேல் ஏறவில்லை. வலிக்கிற கையை அசைக்க வேண்டுமா, அசைக்காமல் வைக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் சண்டை போட்டிருக்கிறது. அந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டால் நம் வலிக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் தோள் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, உரலுக்குள் உலக்கை மாதிரி. தோள் அப்படி இல்லை. பள்ளி விளையாட்டு விழாவில் எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்து ஓடுவீர்களே, அந்த மாதிரி. பந்து பெரியது, குழி சின்னது, ஆழமும் இல்லை. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பழம் கீழே விழாமல் பிடித்துக்கொள்வது நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். இதற்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். வயதாக ஆக இந்த நாண்கள் நைந்துபோகும். எனக்குக் கிழிந்தது இதில் ஒன்றுதான்.

இனி வரலாறு. 1846 அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயங்க வைத்தார். அதற்கு முன் அறுவை என்றால் நாலு பேர் நோயாளியைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் நிமிடக் கணக்கில் வெட்டி முடிக்க வேண்டும். ஈதர் வந்த பிறகு அவசரம் போயிற்று. நுட்பமான வேலைக்கு நேரம் கிடைத்தது. ஆனால் மயக்கம் தெளிந்த பின் வரும் நாட்களை என்ன செய்வது? அங்கேதான் இரண்டு கட்சிகள் உருவாயின.

ஒன்று ஓய்வுக் கட்சி. லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர், ஓய்வும் வலியும் பற்றி 1860-களின் தொடக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள் புத்தகமாகவே வந்தன. வலி என்பது "அசைக்காதே" என்று உடம்பு சொல்லும் கட்டளை என்பது அவர் வாதம். லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். அடிபட்ட மூட்டை முழுமையாக, இடைவிடாமல், நீண்ட நாள் அசையாமல் வைக்க வேண்டும் என்றார். அவர் வடிவமைத்த தாமஸ் ஸ்ப்ளிண்ட், முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ வீரர்களின் உயிரைக் காப்பாற்றியது. ஆகவே ஓய்வுக் கட்சியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்.

எதிர்க்கட்சி பாரிஸில் இருந்தது. ஷுஸ்ட் லூகா ஷாம்பியோனியேர் என்ற மருத்துவர், முறிந்த கைகால்களையே மெதுவாகத் தடவி, அசைத்து குணப்படுத்தலாம் என்று 1895இல் புத்தகம் எழுதினார். அசையாத மூட்டு இறுகிவிடும், பயன்படாத தசை கரைந்துவிடும் என்றார். அன்றைக்கு இது துணிச்சலான பேச்சு.

இந்த இரண்டுக்கும் நடுவே தோளுக்கென்றே ஒரு மனிதர் வந்தார். எர்னஸ்ட் அமோரி காட்மன் (1869–1940), பாஸ்டன்காரர். ஈதர் காட்டப்பட்ட அதே மருத்துவமனையில்தான் வேலை பார்த்தார். மாணவராக இருக்கும்போதே நண்பர் ஹார்வி குஷிங்குடன் சேர்ந்து, மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பைக் குறித்துவைக்கும் அட்டவணையைத் தொடங்கியவர். கிழிந்த தோள் நாணைத் தைத்துச் சரிசெய்தது பற்றி 1911இல் எழுதினார். 1934இல் தோள்பட்டைக்கென்றே ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தப் பெயரைப் பரவலாக்கியது அந்தப் புத்தகம்தான்.

எனக்கு முதல் வாரங்களில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் அவருடைய யோசனையே. நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னால் குனிய வேண்டும். ஆபரேஷன் ஆன கையைத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட விட வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உடம்பு குனிந்திருப்பதால், தொங்கும் கை உடம்புக்கு முன்னால் தூக்கிய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் தூக்கியது தசை அல்ல, பூமியின் ஈர்ப்பு. தைத்த நாணுக்கு அதிக வேலை இல்லாமல் மூட்டு அசைகிறது. ஓய்வும் அசைவும் ஒரே நேரத்தில்! இரண்டு கட்சிக்கும் சமரசம் செய்துவைத்த மாதிரி.

காட்மனுடைய வாழ்க்கை சமரசமாகப் போகவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆபரேஷனின் பலன் கடைசியில் என்ன ஆயிற்று என்று ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து, தவறு நடந்திருந்தால் வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்றார். சக மருத்துவர்கள் விரும்புவார்களா? 1914இல் பெரிய மருத்துவமனையில் இருந்து விலகினார். 1915இல் ஒரு மருத்துவர் கூட்டத்தில், உண்மையைப் பார்க்காமல் மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழியின் கேலிச்சித்திரத்தைத் திறந்து வைத்து ஊரின் பகையைச் சம்பாதித்தார். சொந்தமாக நடத்திய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகள். அவர்கள் சிகிச்சையில் 123 பிழைகள் என்று அவரே பட்டியல் போட்டு வெளியிட்டார். இறந்தபோது கல்லறையில் ஒரு கல்கூட இல்லை. 2014இல்தான் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து கல் நட்டன. இன்று ஆபரேஷனுக்குப் பிறகு "ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள்" என்று சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் பின்னால் இவரும் நிற்கிறார்.

அடுத்து, நம்மை அசைக்க வைக்கும் பிசியோதெரபிஸ்டுகள். 1894இல் இங்கிலாந்தில் நான்கு செவிலியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மசாஜ் என்ற சொல்லுக்கு அப்போது அவப்பெயர் ஏற்பட்டிருந்ததால், பாடத்திட்டம், தேர்வு, ஒழுங்குவிதி எல்லாம் வைத்துத் தொழிலின் மானத்தைக் காத்தார்கள். முதல் உலகப் போர் ஆயிரக்கணக்கான இறுகிய கைகால்களை அவர்கள் கையில் ஒப்படைத்தது. அமெரிக்காவில் மேரி மெக்மில்லன் இதே வேலையைச் செய்து, 1921இல் அங்குள்ள சங்கத்தின் முதல் தலைவரானார். பெண்கள் கட்டி எழுப்பிய தொழில் இது என்பதை என் மாணவிகள் கவனிக்க வேண்டும்.

1970-களில் கனடா நாட்டு ராபர்ட் சால்டர், முயல்களின் மூட்டுகளை வைத்து ஆராய்ந்து, மெதுவான தொடர் அசைவு குருத்தெலும்பு ஆறுவதற்கு உதவுகிறது என்று காட்டினார். அசைவுக் கட்சிக்குப் பெரிய வெற்றி. ஆனால் தோள் நாண் விஷயத்தில் முழு வெற்றி இல்லை. தைத்த நாண் எலும்போடு ஒட்டி வலுப்பெற ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். முதல் சில வாரம் ஸ்லிங், பிறகு மற்ற கையின் உதவியோடு அசைவு, அதன் பிறகுதான் சுமை. சீக்கிரம் அசைத்தவர்களையும் தாமதமாக அசைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஒரு வருட முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. கிழிசல் பெரிதாக இருந்தால் அவசரம் ஆபத்து. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மருத்துவர் கொடுத்ததுதான் உங்களுக்கு.

சரி, வலி? அதற்கும் வரலாறு இருக்கிறது. 1884இல் கார்ல் கோலர் கண்ணை மரத்துப்போக வைக்க கொக்கேய்னைப் பயன்படுத்தினார். அடுத்து நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதையே நரம்புகளில் செலுத்திப் பார்த்தார். தன் மேலேயே சோதித்ததில் அந்த மருந்துக்கு அடிமையானார். 1911இல் ஜெர்மானியரான குலென்காம்ப், காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கச் செய்யும் முறையைத் தன் உடம்பிலேயே சோதித்தார். இன்று தோள் ஆபரேஷனுக்குக் கழுத்தோரம் போடும் ஊசி இந்த வம்சத்தில் வந்ததுதான். இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மரப்பு பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், சட்டென்று விலகும். அப்போது வரும் வலி கடுமையானது. மரப்பு விலகும் முன்பே மாத்திரை போட வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், பலத்த காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் வலி மருந்தே கேட்கவில்லை என்று கவனித்தார். காயம் அவர்களுக்கு "உயிரோடு வீட்டுக்குப் போகலாம்" என்ற செய்தியாக இருந்தது. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர், வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, அது திறக்கவும் மூடவும் செய்யும் என்றார்கள். தேய்த்துவிட்டால் வலி குறைவதும், பயந்தால் வலி கூடுவதும் இதனால் ஓரளவு விளங்கிற்று. வலி நிஜம்தான், ஆனால் வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றல்ல.

கடைசியாக நம் ஊர்க் கதை. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாக எல்லோரும் நம்பிய காலம். வலி தெரியாததால் சூடும் வெட்டும் உறைக்காமல் விரல் சிதைகிறது என்று அவர் கண்டார். மடங்கிப்போன விரல்களுக்கு நாண்களை இடம் மாற்றித் தைத்தார். பிறகு அமெரிக்காவில், வலி தெரியாதவர்களுக்காகச் செயற்கையாக எச்சரிக்கும் கருவி செய்து பார்த்தார். சத்தம் வந்தால் கண்டுகொள்ளவில்லை. மின்சாரம் சுரீர் என்றால் நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நாம் நிறுத்த முடியாதது என்பதுதான் வலியின் மதிப்பு என்று புரிந்துகொண்டார்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. எனக்கு இந்தப் பத்து வாரத்தில் அழுகை வந்த நாட்களில் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். என் தோளுக்குக் குணமாகும் தேதி உண்டு. அவர் கால்களுக்கு அது இல்லை.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் படுத்துத் தூங்க முடியவில்லை. ஈஸி சேரில் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். இப்போது சுவரில் விரலால் ஏறும் பயிற்சியில் நெற்றி உயரம் எட்டியிருக்கிறேன். சுவரில் பென்சிலால் தேதி போட்டுக் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். இன்னும் பின்னல் போட முடியவில்லை, மருமகள்தான் போட்டுவிடுகிறாள். முதுகுப் பக்கம் கை போவதுதான் கடைசியில் திரும்பும் என்கிறார்கள்.

தோளுக்காகக் காத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை. பயிற்சியின்போது இழுக்கும் வலி வரும். சிறிது நேரத்தில் தணிந்தால் பயம் இல்லை. மறுநாளும் தணியாமல் கூடினால் அளவைக் குறையுங்கள். காய்ச்சல், காயத்தில் நீர் வடிதல், வீக்கம், திடீரென்று கை தூக்க முடியாமல் போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பு அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

பயிற்சியை விட்டுவிட்ட நம் உறவினருக்கு இதைத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். நாள் கடந்துவிட்டதே என்று உட்கார்ந்துவிடாமல், மறுபடி ஒருமுறை மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் பேசும்போது இரண்டு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் டீச்சர் திட்டுகிறாள் என்பார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்