நாலு நாளில் ஒரு வருடம்

சிறிய பாறைக்கோள்கள் சூரியனுக்குப் பக்கத்தில், பெரிய வாயுக்கோள்கள் தொலைவில் என்று பள்ளியில் நடத்துவோம். மற்ற விண்மீன்களிலும் அப்படித்தான் இருக்கும் என்றே பல வானியலாளர்களும் நினைத்திருந்தார்கள்.

1995 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மயோரும் அவர் மாணவர் தீதியே கெலோவும் ஒரு செய்தி சொன்னார்கள். 51 பெகாசி என்ற விண்மீன் 4.23 நாளுக்கொரு முறை முன்னும் பின்னும் அசைகிறது. வியாழனில் பாதி எடையாவது உள்ள ஒரு கோள் அதை இழுக்கிறது. வியாழன் சூரியனைச் சுற்ற 12 ஆண்டு. இதற்கு நாலே நாள்!

அமெரிக்காவில் மார்சியும் பட்லரும் சில நாட்களில் அதே அசைவைக் கண்டார்கள். ஆனால் அசைவுக்குக் காரணம் கோள்தானா, விண்மீனே துடிக்கிறதா? கனடாவின் டேவிட் கிரே 1997-இல் 'நேச்சர்' இதழில் கோள் இல்லை என்று எழுதினார். மறுபடி அளந்து பார்த்து, 1998-இல் அதே இதழில் கோள்தான் என்று அவரே எழுதினார்.

1999-இல் எச்டி 209458 என்ற இன்னொரு விண்மீனின் ஒளி, அசைவுக் கணக்கு சொன்ன நேரத்தில் சுமார் 1.5 சதவீதம் மங்கியது. கோள் குறுக்கே போனது! மங்கலிலிருந்து கோளின் பருமன், அசைவிலிருந்து எடை. கணக்கிட்டால் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. வாயுக்கோளேதான்.

மயோருக்கும் கெலோவுக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது கிரே பெயரையும் நான் விடுவதில்லை. சந்தேகப்படவும், விடை வந்ததும் ஏற்கவும் அவரிடம் படிக்கலாம்.