நிலக்கரிச் சட்டத்துல போன ஆறு

நியூசிலாந்தின் வாங்கனுயி ஆறு 2017ல சட்டப்படி ஒரு ‘நபர்’ ஆச்சு, தெரியும்தானே? அதுக்கு முன்னாடி நடந்ததுதான் பெரிய கதை. 1903ல ஒரு திருத்தச் சட்டம் வந்தது. பேரைக் கேளுங்க: நிலக்கரிச் சுரங்கச் சட்டம்! படகு போகிற ஆறுகளின் படுகை அரசுக்கே சொந்தம்னு அதுல ஒரு பிரிவு.

தலைமுறை தலைமுறையா அங்கே விலாங்கு பிடிச்சு, ஆற்றை மூதாதையா மதிச்ச மாவோரி மக்கள் 1938ல படுகைக்காக வழக்குப் போட்டாங்க. 1962ல தோத்தாங்க. படுகை, தண்ணீர், கரைனு கூறு போட்டுத்தான் சட்டத்துக்குப் பார்க்கத் தெரிஞ்சது.

2017 சட்டம் மலையிலிருந்து கடல் வரை ஆற்றை ஒரே உயிரா ஏற்குது. அதுக்காகப் பேச ரெண்டு பேர்: ஒருத்தர் அரசு சொல்ற ஆள், இன்னொருத்தர் மாவோரிகள் சொல்ற ஆள். ஆனா 1970கள்ல மின்சாரத்துக்காக மேலேயே தண்ணீரைத் திருப்பினாங்களே, அது இன்னிக்கும் தொடருது.