அடி இருக்கிறது, அடித்தவர் எங்கே?

தேனி, கம்பம், போடி பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்குப் போனாலும் ஒலிபெருக்கியில் கொட்டுச் சத்தம் கேட்கிறது. ஆனால் கொட்டடிக்கிறவர் அங்கே இருக்க வேண்டிய அவசியமில்லை. யாரோ, எங்கோ, எப்போதோ அடித்ததைப் பதிவு செய்து, வெட்டி, கணினியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒற்றை அடியாக வெட்டி வைத்தால் அது சாம்பிள். இரண்டு அல்லது நான்கு தாளச் சுற்றாக வெட்டி, முடிவில்லாமல் சுழலவிட்டால் அது லூப். காசு கொடுத்தால் நூற்றுக்கணக்கான லூப்புகள் ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். இசையமைப்பாளர் இழுத்துப் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாட்டு செய்துகொள்ளலாம்.

இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

பறை என்பது மரச்சட்டமும் மாட்டுத் தோலும். நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் இறுகிச் சத்தம் எழும்பும். அடிக்க அடிக்கச் சூடு தணியும், சத்தமும் இறங்கும். மறுபடியும் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் சேர்ந்து எழுப்பும் அந்த ஒலி, ஒரு மணி நேரத்துக்குள் பல நிறம் மாறும். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடி, வாழ்த்தடி என ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேலை உண்டு. லூப் இதில் ஒரு கணத்தை மட்டும் எடுத்து உறைய வைக்கிறது. நெருப்பும் தோலும் மறைந்துபோகின்றன. தோலைத் தொட்டதற்காகத் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்ட மனிதரும் மறைந்துபோகிறார். சத்தம் மட்டும் 'எத்னிக்', 'டிரைபல்' என்ற பெயரோடு சுத்தமாக வந்து சேர்கிறது. ஊருக்குள் வரக்கூடாதவரின் சத்தம் மட்டும் ஊருக்குள் வரலாம் என்பது பழைய ஏற்பாடுதான். கணினி அதற்குப் புதிய வசதி செய்து கொடுத்திருக்கிறது.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் என்ற கறுப்பின இளைஞர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஹிப்ஹாப் அங்கே பிறந்தது. வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்களின் கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்தத் தாளத்தை வாசித்தவர்களின் கதி என்ன? 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் 7 நொடித் தாளம், உலகில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட துண்டுகளில் ஒன்று. ஆயிரக்கணக்கான பாடல்களில் அது ஓடுகிறது. கோல்மன் 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்தார். உரிமைத்தொகை எதுவும் அவருக்கு வரவில்லை. ஜேம்ஸ் பிரவுனுக்கு வாசித்த கிளைடு ஸ்டபிள்ஃபீல்டின் தாளமும் அப்படித்தான் உலகைச் சுற்றியது. பாட்டின் உரிமையில் அவருக்குப் பங்கில்லை.

இப்போது நம்ம பள்ளத்தாக்குக்கு வருவோம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய்த் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடினார். அந்தக் குழுவில் வளர்ந்த தம்பி இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' மூலம் திரைக்கு வந்தார். பத்தே ஆண்டுகளில், 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் கணினியையும் சீக்வென்சரையும் பயன்படுத்தினார். இந்தியத் திரையிசையில் அது முன்னோடி முயற்சி. பிறகு அவருடைய பாட்டே சாம்பிள் ஆனது. 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாடலின் துண்டை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் எடுத்துக்கொண்டது. 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டுத் துண்டை ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் தன் 'கலா' தொகுப்பில் சேர்த்தார்.

2017இல் தன் பாடல்களை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது எத்தனை பேர் கொதித்தார்கள்! உழைத்தவர் உரிமை கேட்டால் பேராசை என்று சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் இன்னும் ஒரு படி கீழே இறங்கிக் கேட்க வேண்டும். அந்தப் பாடல்களில் தவிலும் தப்பும் உறுமியும் வாசித்தவர்கள் யார்? அக்காலப் படங்களின் பெயர்ப் பட்டியலிலும் இசைத்தட்டு உறைகளிலும் பெரும்பாலும் அவர்கள் பெயர் இல்லை. உரிமை பற்றிய பேச்சு இசையமைப்பாளரோடு நின்றுவிடுகிறது.

சட்டம் முழுக்க வாய் மூடி இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், நிகழ்த்துகிற கலைஞருக்கென்று தனி உரிமை தந்தது. 2012 திருத்தம், வணிகப் பயன்பாட்டில் அவருக்கு உரிமைத்தொகை உண்டு என்றும், அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தது. ஆனால் ஒருநாள் கூலிக்குப் போய் மைக் முன் அடித்துவிட்டு வருகிறவரிடம் இதை எடுத்துச் சொல்கிறவர் யார்? தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் காத்து வந்த அடிகளுக்கோ இந்தச் சட்டத்தில் உரிமையாளரே கிடையாது. பதிவு செய்தவருக்குப் பதிவின் மேல் உரிமை உண்டு. அடியைக் கொடுத்த சேரிக்கு ஒன்றுமில்லை.

அதற்காக லூப்பையே எதிர்க்கச் சொல்கிறோமா? இல்லை. சாவுக்குக் கட்டாயமாகக் கொட்டடிக்க மறுத்ததும், பறையைப் போட்டு எரித்ததும் நம் இயக்க வரலாறு. இழிவு சுமத்திய வேலையை மெஷின் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். மறுபக்கம், அதே பறையை விடுதலையின் வாத்தியமாக மீட்டெடுத்ததும் நாம்தான். 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசான் ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தார், 2025இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் பறையையும் ஒன்றாக நிறுத்தியது. ஸ்டுடியோ வாசலை மிதிக்க முடியாத நம் பிள்ளைகளுக்குக் கைக்கணினியும் லூப்பும் ஒரு வாசல் என்பதும் உண்மை.

நாம் கேட்பது இவ்வளவுதான். பறையைப் பதிவு செய்கிறவர்கள், அடித்தவர் பெயரையும் அடியின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். ஒருநாள் கூலியோடு கணக்கை முடிக்காமல் விற்பனையில் பங்கு எழுதிக் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறோம். அடுத்தவர் வெட்டி விற்கும் லூப்பை வாங்குவதற்கு முன்னால், உங்கள் தெருவில் இருக்கும் பெரியவரிடம் போய் உட்காருங்கள். அவர் அடியை நீங்களே பதிவு செய்யுங்கள், அவர் பெயரிலேயே வெளியிடுங்கள். நம் சத்தத்தை நாமே பதிவு செய்யாதவரை, அதை நமக்கே விலைக்கு விற்பார்கள்.