லஸ் கோயிலும் சுனாமியும்: ஜெபம் எதற்காக?



லஸ் முனையில் பஸ் ஏறி இறங்கிய பலருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியாது. போர்த்துகீசிய மொழியில் 'லஸ்' என்றால் ஒளி. கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகள் மாதாவை வேண்டினார்களாம். கரையில் ஓர் ஒளி தெரிந்ததாம். அதைப் பின்தொடர்ந்து கரை சேர்ந்தவர்கள், ஒளி மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அங்குள்ள கல்வெட்டில் 1516 என்று ஆண்டு இருக்கிறது. சுற்றிலும் மரங்களாக இருந்ததால் நம் ஊர்க்காரர்கள் அதைக் காட்டுக் கோயில் என்றார்கள்.

நாகப்பட்டினம் பக்கத்து வேளாங்கண்ணிக்கும் இதே போன்ற கதைதான். புயலில் தப்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்டபடி கோயில் எழுப்பினார்கள். அவர்கள் கரை சேர்ந்த செப்டம்பர் 8 அன்றுதான் இன்றும் அங்கே பெருவிழா.

சாந்தோம் பேராலயத்தின் அருகில் ஒரு மரக்கம்பம் உண்டு. அது தோமையார் நட்டது, கடல் அதைத் தாண்டி வராது என்று அந்தப் பகுதி மக்கள் நம்புகிறார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. பேராலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. "தோமையார் காப்பாற்றினார்" என்றார்கள். ஆனால் அதே காலையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் உயிர்கள் போயின. வேளாங்கண்ணியில் கோயில் தப்பியது. கிறிஸ்துமஸ் முடிந்து மாதாவைக் கும்பிட வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் கடற்கரையில் மாண்டார்கள்.

அவர்கள் ஜெபிக்காதவர்களா? ஜெபிக்கத்தானே போனார்கள்!

இது பழைய கேள்வி. கப்பல் விபத்தில் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டி, "தெய்வத்தின் அருளைப் பார்த்தாயா?" என்று ஒருவர் டயாகரஸ் என்ற கிரேக்கரிடம் கேட்டாராம். "மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?" என்று திருப்பிக் கேட்டாராம் அவர். ரோமானிய அறிஞர் சிசரோ இதை 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். வரலாறு படிப்பவர்கள் மறக்கக்கூடாத பாடம் இது. கரை சேர்ந்தவர்கள்தான் கோயில் கட்டுவார்கள்.

அப்படியானால் ஜெபம் வீணா? கிறிஸ்தவ மரபே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சிலுவைக்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டத்தில், இந்தத் துன்பம் நீங்க வேண்டும் என்று இயேசுவே வேண்டினார். ஆனாலும் என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றார். துன்பம் நீங்கவில்லை. அதைச் சந்திக்கும் திடத்தோடு எழுந்து போனார்.

கி.பி. 410-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்த ப்ரோபா என்ற விதவை, எப்படி ஜெபிப்பது என்று புனித அகுஸ்தீனிடம் கேட்டார். அவர் எழுதிய பதிலின் சாரம் இது: நமக்கு என்ன தேவை என்பது கடவுளுக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரிவிப்பதற்காக நாம் ஜெபிப்பதில்லை. அவர் தருவதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் உள்ளம் விரிய வேண்டும் என்பதற்காகத்தான் ஜெபிக்கிறோம்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைக் கவனியுங்கள். 'எனக்கு' என்ற சொல்லே அதில் கிடையாது. எல்லாம் 'எங்கள்', 'எங்களுக்கு'தான். அப்பம்கூட அன்றைக்கு வேண்டியது மட்டும்.

சுனாமிக்குப் பிறகு சாந்தோம் பேராலயம் வீடிழந்தவர்களுக்குத் தஞ்சம் கொடுத்தது. கம்பம் கடலை நிறுத்தியதா என்று வரலாற்று ஆசிரியனால் சொல்ல முடியாது. கதவு திறந்திருந்தது என்று சொல்ல முடியும். ஜெபத்தின் பயன் என்ன என்று கேட்டால் நான் அந்தக் கதவைத்தான் காட்டுவேன்.

அடுத்த முறை மயிலாப்பூர் போகும்போது பிள்ளைகளைக் காட்டுக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். உங்கள் கருத்தையும் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.