வறட்சியும் மர வளர்ச்சியும்: செங்கல்பட்டுக் காடுகளின் வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தில் சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றியுள்ள சமவெளிக்கு உரிய இயற்கைக் காடு, வெப்பமண்டல வறள் பசுமைமாறாக் காடு எனப்படுகிறது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இவ்வகைக் காட்டில் உலக்கைப்பாலை, வீரை, காசா, கருங்காலி போன்ற மரங்கள் வளர்கின்றன. இன்று ஒரகடம் சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. காடு எஞ்சிய இடங்களிலும் பெரும்பாலும் முட்புதர்களே காணப்படுகின்றன.

இப்பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. பிறகு ஐந்தாறு மாதங்கள் வறட்சி. அப்போதும் இம்மரங்கள் இலைகளை முழுதாக உதிர்ப்பதில்லை. சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. மத்தியதரைக் கடல் நாடுகளின் பசுமைமாறா ஓக் மரங்களிலும் இதே அமைப்பு உண்டு. அங்கும் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது. அந்த ஓக் மரங்கள் வசந்தத்தில் வளர்ந்து, கோடையில் ஏறக்குறைய நின்று, இலையுதிர்கால மழையில் மீண்டும் சிறிது வளர்கின்றன. தாங்கும் திறனுக்கும் எல்லை உண்டு. 1994ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஓக் காடுகள் பரவலாகக் கருகின.

சென்னை மாகாணத்தில் காடும் மழையும் பற்றிய விவாதம் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. ஆனால் கேள்வி தலைகீழாக இருந்தது. மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் 1840களில், மரங்கள் மழையையும் ஈரத்தையும் காக்கின்றனவா என்று ஆராய்ந்து எழுதினார். மழையின்மை மரத்தை என்ன செய்கிறது என்பது அன்று பெரிதாகக் கேட்கப்படவில்லை. 1856இல் ஹியூ கிளக்ஹார்ன் மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் இரயிலும் ஓடியது. காட்டைக் காக்க அலுவலர் ஒருபுறம், விறகு கேட்கும் இயந்திரம் மறுபுறம்! இரயில் எரிபொருளுக்காகக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன.

1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. பஞ்சத்தில் மனிதர்கள் பட்ட துன்பம் அரசு அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. மரங்கள் பட்டதற்கு மரக்கட்டையே சான்று. ஈரம் உள்ள காலத்தில் மரம் அகன்ற நீர்க்குழாய்களையும், வறண்ட காலத்தில் குறுகிய குழாய்களையும் உருவாக்குவதால் வளையம் தோன்றுகிறது. மழை குறைந்த ஆண்டில் வளையம் மெலிந்துவிடும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. ஏ. சௌத்ரி இந்திய மரங்களின் வளர்வளையங்களை 1930களில் தொடங்கி ஆராய்ந்தார். தென்னிந்தியாவில் இதற்கு ஏற்ற மரம் தேக்கு. அதன் வளையங்கள் ஆண்டுக்கு ஒன்றாகத் தெளிவாக அமைகின்றன. வறள் பசுமைமாறாக் காட்டு மரங்கள் பலவற்றில் இந்தத் தெளிவு இல்லை.

2010இல் எட்வர்ட் குக் குழுவினர், ஆசியாவெங்கும் எடுத்த 300க்கும் மேற்பட்ட மர வளையத் தொடர்களைக் கொண்டு பருவமழை வறட்சி வரைபடத்தை வெளியிட்டனர். 1876–78 வறட்சி அதில் ஆசியாவின் பெரும்பகுதியைத் தாக்கியதாகத் தெரிகிறது. 1790களின் வறட்சியும் பதிவாகியுள்ளது.

வளையம் படிக்க இயலாத காடுகளில் மரங்களை நேரடியாக அளப்பதே வழி. இந்திய அறிவியல் கழகத்தின் இராமன் சுகுமார் குழுவினர் 1988இல் முதுமலையில் 50 எக்டேர் நிலத்தைத் தேர்ந்து, ஒரு செ.மீ.க்கு மேல் தடிமனுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண்ணிட்டு அளந்து வருகின்றனர். மழை மிகுந்த ஆண்டுகளில் வளர்ச்சி கூடியது. கடும் வறட்சியில் சில மரங்களின் சுற்றளவு முன்பிருந்ததைவிடக் குறைந்தும் போனது. இது மரம் அழிந்ததால் அன்று, தண்டு நீரை இழந்து சுருங்கியதால். மழைக்குறைவுக்கும் மர இறப்புக்கும் இடையே நேரடியான, வலுவான தொடர்பு தென்படவில்லை. இறப்பு சில ஆண்டுகள் பிந்தியும் வரலாம். ஓராண்டுக் கணக்கெடுப்பை வைத்துக் காடு தப்பிவிட்டது என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதே பருவத்தில், டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்து, வண்டலூர் உயிரியல் பூங்கா உள்ளிட்ட இடங்களில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது.