கணக்கிட்ட தேதியும் கொடுத்த தேதியும்

மென்பொருள் அலுவலகங்களில் வேலைகளைக் கண்காணிக்கும் செயலி எதுவானாலும், கொஞ்ச நாளில் அங்கே ஒரு கோரிக்கை எழும். ஒரு வேலை தள்ளிப்போனால் அதை நம்பி நிற்கும் வேலைகளின் தேதிகளும் தாமாகவே தள்ளிப்போக வேண்டும். கீழே இருக்கும் சிறு வேலைகளின், அதாவது டிக்கெட்டுகளின், தேதிகளைப் பார்த்து மேலே இருக்கும் பெரிய வேலையின் தேதி தானாக நிரம்ப வேண்டும். கேட்பது நியாயம்தான். நூறு டிக்கெட்டுகளைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேதி மாற்றுவதில் யாருடைய திறமையும் பயன்படுவதில்லை. ஆனால் இதை அமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கணக்கின் விடையை ‘டியூ டேட்’ என்ற ஒரே கட்டத்தில் கொண்டுபோய் எழுதிவிடுகிறார்கள். ஒருவர் யோசித்து, இன்ன நாளுக்குள் முடித்துத் தருகிறேன் என்று பதிந்த தேதி அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அது அழிந்துபோகிறது. தேதிகளை இயந்திரம் கணக்கிடத் தொடங்கி எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதைத் தொடங்கி வைத்தவர்கள் கணக்கிட்ட தேதியையும் கொடுத்த தேதியையும் தெரிந்தே பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரிவினை இன்றைய செயலிகளில் கைவிடப்பட்டதுதான் கோளாறுக்குக் காரணம், தானியக்கம் அல்ல என்பது என் வாதம்.

கணினிக்கு முன்பே வேலைகளுக்கு இடையிலான தொடர்பைக் காகிதத்தில் கொண்டுவர முயன்றவர் போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி. 1896-இல் அவர் உருவாக்கிய அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காகிதப் பட்டை உண்டு. எந்தெந்த வேலை முடிந்த பிறகு இது தொடங்கும், இதற்குப் பிறகு எது வரும் என்பது பட்டையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒன்று நகர்ந்தால் மற்றவற்றையும் கையால் நகர்த்திப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஹென்றி கான்ட் 1910-களில் பரப்பிய அட்டவணைகள்தான் உலகமெங்கும் பெயர் பெற்றன. அவற்றில் தொடர்புக் கோடுகள் கிடையாது. ஆனாலும் அவர் ஒன்றைச் சரியாகச் செய்தார். திட்டமிட்ட வேலைக்கு ஒரு மெல்லிய கோடு, முடிந்த வேலைக்கு ஒரு தடித்த கோடு, இரண்டும் ஒரே வரியில். சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் பார்த்தவுடன் தெரிந்தது. திட்டம் மாறினால் அட்டவணையைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது என்பதே அதன் பெரிய குறை.

அந்தக் குறையைத் தீர்த்தது டூபாண்ட் இரசாயன நிறுவனம். தன்னிடமிருந்த யூனிவாக் கணினியைப் பொறியியல் திட்டமிடலுக்குப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி 1957 வாக்கில் அங்கே எழுந்தது. நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், கணினியைத் தயாரித்த ரெமிங்டன் ராண்டின் கணித வல்லுநர் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய முறையைத்தான் இன்று கிரிட்டிக்கல் பாத் என்கிறோம். கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் டூபாண்டுக்கு நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் செய்யும் ஆலை இருந்தது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தினால் மறுபடி ஓடும்வரை ஒவ்வொரு மணி நேரமும் நட்டம். சராசரியாக 125 மணி நேரம் பிடித்த அந்த நிறுத்தம், புதிய முறையில் திட்டமிட்டபோது 93 மணி நேரமாகக் குறைந்தது. எல்லா வேலையையும் அவசரப்படுத்தி இதைச் சாதிக்கவில்லை. மொத்த நேரத்தை எந்தச் சங்கிலி தீர்மானிக்கிறது என்று கண்டுபிடித்து, அதிலுள்ள வேலைகளை மட்டும் நெருக்கினார்கள்.

இந்தக் கணக்கை அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய தானியக்கம் தவறவிடுவது இங்கேதான். முதலில் தொடக்கத்திலிருந்து முன்னோக்கிப் போகிறார்கள்: ஒரு வேலைக்கு முன்னால் எத்தனை வேலைகள் இருந்தாலும், அவற்றில் கடைசியாக முடிவது எதுவோ அதற்குப் பிறகுதான் இது தொடங்க முடியும். பிறகு முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறார்கள்: கடைசித் தேதி கெடாமல் இருக்க ஒவ்வொரு வேலையும் எவ்வளவு தாமதமாக முடியலாம்? கல்யாண வீட்டில் முகூர்த்த நாளை வைத்துப் பத்திரிகை அச்சாக வேண்டிய நாளையும் துணி எடுக்க வேண்டிய நாளையும் பின்னோக்கி எண்ணுவது போன்ற கணக்குதான் இது. இரண்டு நடைகளும் முடிந்தபின் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு தேதிகள் கிடைக்கின்றன: சீக்கிரம் தொடங்கக்கூடியது, சீக்கிரம் முடியக்கூடியது, தாமதமாகத் தொடங்கலாம் என்பது, தாமதமாக முடியலாம் என்பது. சீக்கிரத் தேதிக்கும் தாமதத் தேதிக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அவகாசம். அவகாசம் பூஜ்யமாக இருக்கும் சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் வணிகக் கணிதப் பாடத்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு எண்கள் எழுதிப் பழகிய மாணவர்களுக்கு இது தெரிந்த கணக்கே. ஒரு வேலைக்கு ஒரே தேதி என்ற எண்ணம் மூல முறையில் கிடையாது.

ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புத் திட்ட அலுவலகம் பொலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் முறையை உருவாக்கியது. அது இன்னும் வெளிப்படையாகவே தேதிகளைப் பிரித்தது. ஒவ்வொரு வேலைக்கும் நல்லபடி நடந்தால், வழக்கப்படி நடந்தால், மோசமாக நடந்தால் என்று மூன்று மதிப்பீடுகள் வாங்கினார்கள். அவற்றிலிருந்து எதிர்பார்க்கும் தேதியை இயந்திரம் கணக்கிட்டது. மேலிடம் விதித்த தேதி வேறு இடத்தில் இருந்தது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபின் பொலாரிஸின் இலக்கு 1963-லிருந்து 1960-ஆம் ஆண்டுக்கு முன்கொண்டுவரப்பட்டது. இது கணக்கில் பிறந்த தேதி அல்ல. மேலிடத்தில் முடிவான தேதி. விதித்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பல இடங்களில் அவகாசம் பூஜ்யத்துக்கும் கீழே போகக்கூடும். கழித்தல் குறியுள்ள அந்த எண்தான் இந்த முறை கொடுத்த மிகப் பயனுள்ள தகவல் என்று நினைக்கிறேன். சொன்ன நாளுக்குள் முடிக்க இத்தனை வாரம் குறைகிறது என்று அது சொல்கிறது. இரண்டு தேதிகளும் தனித்தனியாக இருந்தால்தான் இந்த எண் பிறக்கும். கணக்கிட்ட தேதியை விதித்த தேதியின் மேல் எழுதிவிட்டால் வித்தியாசம் எப்போதும் பூஜ்யம். எல்லாம் சரியாக இருப்பதாகவே திரை காட்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. பொலாரிஸ் வளர்ச்சியை ஆராய்ந்து ஹார்வி சபோல்ஸ்கி 1972-இல் வெளியிட்ட நூல், பெர்ட் முறைக்குக் கிடைத்த புகழுக்கும் அது உண்மையில் நிர்வாகத்தில் பயன்பட்ட அளவுக்கும் பெரிய இடைவெளி இருந்தது என்று காட்டியது. நவீன நிர்வாகம் நடக்கிறது என்ற தோற்றமே வெளியாரின் தலையீட்டிலிருந்து அந்த அலுவலகத்தைக் காத்தது என்பது அவர் முடிவு. 1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியிலிருந்து பொலாரிஸை ஏவியதற்கு பெர்ட் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய ஆய்வு என் வாதத்தைக் கெடுக்கவில்லை. மதிப்பீடு கொடுக்கும் பொறியாளர் அந்தக் கணக்கைத் தன்னுடையது என்று கருதாவிட்டால் எத்தனை பெரிய கணினியும் உதவாது என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். தான் கொடுத்த தேதியைச் செயலியின் ஒரு தானியங்கி விதி இரவோடிரவாக மாற்றிவிடுகிறது என்று தெரிந்தவர், அடுத்த முறை தேதி கொடுக்கும்போது எவ்வளவு யோசிப்பார்?

கட்டுமானத் துறையில் இந்தப் பிரிவினை பிழைத்தது, பணமும் வழக்கும் அதன் மேல் நின்றதால். 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ஃபாண்டால் கணினி இல்லாமலே இந்தக் கணக்கைப் போடும் வழியை வெளியிட்டார். வேலையைப் புள்ளியாகவும் தொடர்பைக் கோடாகவும் வரையும் அவர் பாணிதான் இன்றைய செயலிகளின் அடித்தளம். ஒப்பந்ததாரர் தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டுமா, கட்டட உரிமையாளர் கால நீட்டிப்புத் தர வேண்டுமா என்ற சண்டைகளில் அவகாசக் கணக்கு சாட்சியாகிவிட்டது. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-இல் வெளியிட்ட நெறிமுறை, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, உரிமையாளரால் வந்த தாமதம் மீதமுள்ள அவகாசத்தைத் தின்று பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகும் அளவுக்கு மட்டுமே கால நீட்டிப்பு தரலாம் என்றது. ஒப்பந்தத்தில் எழுதிய நிறைவுத் தேதி அசையாமல் நின்றால்தான் இந்த அளவீடு சாத்தியம்.

மேசைக் கணினிகள் வந்தபோது கலப்படம் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் செயலியில் தொடர்புகளைப் போட்டுவிட்டால் தேதிகள் தாமாக வரும். ஆனால் பயன்படுத்துபவர் முடிவுத் தேதிக் கட்டத்தில் 15 என்று தானே தட்டினால், 15-ஆம் தேதிக்கு முன் முடியக் கூடாது என்ற கட்டுப்பாடாகச் செயலி அதை எடுத்துக்கொள்ளும். அவர் சொல்ல நினைத்தது அதற்கு நேர் எதிரானது: 15-ஆம் தேதிக்குள் முடியும். ஓரத்தில் தெரியும் சின்னக் குறியைக் கவனிக்காதவருக்கு, முன்வேலை சீக்கிரம் முடிந்தும் தன் வேலை ஏன் முன்னால் வரவில்லை என்பது புரியாது. இதற்குத் தீர்வாகத்தான் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் கெடுவுக்கென்று தனிக் கட்டம் வந்தது. அது வேலையை நகர்த்தாது. கணக்கிட்ட முடிவு கெடுவைத் தாண்டினால் சிவப்புக் குறி காட்டும். 2010 பதிப்பில் இன்னும் ஒரு படி போய், இயந்திரம் தொடாத, மனிதர் தட்டியபடியே நிற்கும் வேலைகளை அனுமதித்தார்கள். புதிய வேலைகளுக்கு அதுவே இயல்பான நிலையாக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் தானாகத் தேதி போட்டுப் பழகிய செயலி எடுத்த முடிவு இது என்பதால் இதற்கு எடை அதிகம்.

இன்று மென்பொருள் குழுக்கள் புழங்கும் செயலிகள் இந்த வம்சத்தில் வந்தவை அல்ல. 1998-இல் வந்த பக்ஸில்லாவும் 2002-இல் வந்த ஜிராவும் பிழைகளைப் பதியப் பிறந்தவை. ஒரு பிழை இன்னொன்றைத் தடுக்கிறது என்று அவற்றில் இணைக்கலாம். அந்த இணைப்பு வரிசையைச் சொல்லும். எத்தனை நாள், எந்த நாட்காட்டி, நடுவில் எவ்வளவு காத்திருப்பு என்று எதுவும் சொல்லாது. பின்னாளில் தேதி வேண்டுமென்றபோது அந்த இணைப்பின் மேலேயே தானியங்கி விதிகளை ஏற்றினார்கள். பலரும் எழுதும் எளிய விதி இதுதான்: முன்வேலை எத்தனை நாள் நகர்ந்ததோ, பின்வேலையையும் அத்தனை நாள் நகர்த்து. இரண்டு முன்வேலைகள் 10-ஆம் தேதி முடிகின்றன, மூன்றாவது வேலை 11 முதல் 15 வரை என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 13-க்குத் தள்ளிப்போகிறது. மூன்றாவது 14 முதல் 18 வரை ஆகிறது, சரி. மறுநாள் இரண்டாவதும் 13-க்குப் போகிறது. விதி மறுபடி ஓடி மூன்றாவதை 17 முதல் 21-க்குத் தள்ளுகிறது. சரியான விடை 14 முதல் 18 தான். அதேபோல், 7-ஆம் தேதியே முடியவிருந்த முன்வேலை 10-க்குப் போனால் எதுவும் நகர வேண்டியதில்லை. இருந்த அவகாசம் அதைத் தாங்கிக்கொள்ளும். விதிக்கு அவகாசம் தெரியாது, நகர்த்திவிடும். நகர்வைக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் முன்வேலைகளில் மிகத் தாமதமானதிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும். கெல்லியும் வாக்கரும் செய்தது அதைத்தான்.

இரண்டு தேதிக் கட்டங்கள் வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள் என்பார்கள். மனிதர் நிரப்ப வேண்டியது ஒன்றைத்தான், மற்றதை இயந்திரம் நிரப்பும். கூடுதல் வேலை ஏதுமில்லை. தேதியே வேண்டாம், அஜைல் முறையில் நாங்கள் சுற்றுச் சுற்றாகப் போகிறோம் என்பது இன்னொரு வாதம். 2001 பிப்ரவரியில் யூட்டாவின் ஸ்னோபேர்டில் கூடி அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேர், திட்டத்தைப் பின்பற்றுவதை விட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். திட்டத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. வேறு குழு, வாடிக்கையாளர், சட்டம் விதித்த நாள் என்று ஏதாவது ஒன்று வெளியிலிருந்து வந்து சேரும் நாளில் தேதியும் கூடவே வந்துவிடுகிறது. நிலைமை மாறும்போது கொடுத்த தேதியும் மாறத்தானே வேண்டும் என்ற கேள்விதான் இவற்றில் கனமானது. மாறலாம்; மாற்றுவது தேதி கொடுத்தவராக இருக்க வேண்டும், பழைய தேதியும் மாற்றிய காரணமும் பதிவில் நிற்க வேண்டும். விதி செய்ய வேண்டியது, கணக்கிட்ட தேதி கொடுத்த தேதியைத் தாண்டிய அன்றே அவருக்கும் அவரை நம்பி இருப்பவருக்கும் தகவல் அனுப்புவது. மேலே உள்ள பெரிய வேலைக்கும் இதே முறை பொருந்தும்: கீழ் வேலைகளில் கடைசியாக முடிவது கணக்குக் கட்டத்துக்குப் போகட்டும், வாடிக்கையாளரிடம் சொன்ன நாள் தன் கட்டத்தில் அப்படியே இருக்கட்டும், மூன்றாவதாக ஒரு கட்டம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாள் கணக்கில் காட்டட்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த மூன்றாவது கட்டத்தின்படி வரிசைப்படுத்தி, கழித்தல் குறி உள்ளவற்றிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.